இரண்டும் கொஞ்சமும்

கணக்கில் நான் கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்குப் பரீட்சையிலும் நான் தடுமாறியதில்லை. குழாய்கள் தொட்டியை நிரப்பும், ரயில்கள் எதிரெதிரே வரும், நான் விடையை எழுதிவிட்டுச் சன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, ஜவ்வாது மலையில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. கணிதமும் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்திருந்தது கணக்கு இல்லை, கடைக்கணக்கு.

அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு அடிவாரத்தில், ஒடுகத்தூரில். பள்ளிக்கூடம் மேலே. அந்த ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. காட்டு வழியாக நடந்து இறங்கி, நடுவில் ஓர் ஆற்றைக் கடந்து, அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் பஸ் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏறுவேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தின் பின்னறையில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம்.

நான் நைனா என்று கூப்பிடும் அப்பா, ஒடுகத்தூர் மண்டி ஒன்றில் தானியம் அளப்பவர். மலைச் சாமையும் அடிவாரத்து நெல்லும் வேர்க்கடலையும் அவர் மரக்காலில் ஏறி இறங்கித்தான் மூட்டைக்குள் போகும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. அளப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அளந்து முடித்ததும் குவியலில் இருந்து ஒரு கை அள்ளி மேலே போடுவார். அந்த ஒரு கை விழாமல் அளவு முடிந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வாங்குகிறவர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். சின்ன வயதில் மண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்து, எந்த அளவுக்கும் கடைசியில் ஒரு கை உண்டு என்பது எனக்குள் ஊறிப் போயிருந்தது.

நான் மலையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் நைனா மண்டியில் மரக்காலோடு விழுந்தார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சு குழறியது. வேலூர் பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"திடீர்னு ஒண்ணும் ஆவாதும்மா. கொஞ்சங் கொஞ்சமா குறையும். நெனப்பும் குறையும். ஆளை அடையாளம் தெரியற வரைக்கும் பக்கத்துல இருங்க."

பக்கத்தில் இருக்கத்தான் எனக்கு வழியில்லை. வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். மாறுதல் கேட்டு எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. அப்போது ஒடுகத்தூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் தாளாளர் நைனாவைப் பார்க்க வந்தார். தன் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெறப் போகிறார் என்றும், அந்த இடத்தை எனக்கு வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"உங்க நைனா கையால அளந்த நெல்லை தின்னு வளந்தவம்மா நானு. டிகிரிய மட்டும் வாங்கிட்டு வா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

டிகிரிக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. அந்தத் தாளில் வளைவரை வரையச் சொல்லிக் கட்டாயம் ஒரு கேள்வி வரும், அதற்கு மதிப்பெண் அதிகம். ஆக, நைனாவுக்கு என் முகம் தெரியும்போதே நான் மலையிலிருந்து இறங்க வேண்டுமானால், ஒரு வளைவரை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அஞ்சலில் வந்த பாடக்கட்டில் இருந்த எடுத்துக்காட்டு இதுதான்: மேலே 2x + 3, கீழே x − 1, மேலேயுள்ளதைக் கீழேயுள்ளதால் வகுக்க வேண்டும். x-க்கு ஒவ்வோர் எண்ணாகப் போட்டு விடையைப் புள்ளியாக வைக்க வேண்டும். x பூஜ்யம் என்றால் விடை கழித்தல் மூன்று. x இரண்டு என்றால் விடை ஏழு. ஒன்று என்று போட்டால் மட்டும் கீழே பூஜ்யம் வந்துவிடும். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று நானே என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அந்த ஒன்றை நைசாக விட்டுவிட்டு, கீழே இருந்த புள்ளியையும் மேலே இருந்த புள்ளியையும் ஸ்கேல் வைத்து அழகாகச் சேர்த்துவிட்டேன். முதல் தடவை மே மாதப் பரீட்சையிலும் அப்படியே ஒரு கணக்கு வந்தது. அதையும் அழகாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வேலூர் பஸ் நிலையத்தில் பாதாம் பால் குடித்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் முடிவு வந்தது. நான் தேறவில்லை.

பூஜை விடுமுறையில் வேலூரில் நேர்முக வகுப்பு வைத்தார்கள். படிக்க வந்தவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். என் கையில் சாக்பீஸைக் கொடுத்து இதே கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். போட்டேன். சேர்த்தேன்.

"இன்னாம்மா இது? ஒண்ணைத் தாண்டி எதுக்குக் கோடு இழுத்த? அங்க வளைவரையே கிடையாதே!"

"இந்தப் பக்கமும் இருக்குது, அந்தப் பக்கமும் இருக்குதே சார். நடுவுல மட்டும் எப்படி இல்லாம போவும்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். ஒன்று புள்ளி ஒன்று போட்டேன், விடை ஐம்பத்திரண்டு. பூஜ்யம் புள்ளி ஒன்பது போட்டேன், கழித்தல் நாற்பத்தெட்டு. இந்தப் பக்கம் நெருங்க நெருங்க வளைவரை ஆகாயத்துக்குப் போனது. அந்தப் பக்கம் நெருங்க நெருங்கப் பாதாளத்துக்குப் போனது. எண்கள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"சரி, அதை விடு. x ரொம்பப் பெருசா போவுது. லட்சம், கோடின்னு போயிட்டே இருக்குது. அப்போ விடை எங்க போய் நிக்கும்? எழுது."

நான் யோசித்தேன். மேலே இரண்டு x, கீழே ஒரு x. இரண்டு தடவை அளக்கலாம். அதற்கு மேல் மிச்சம் இருக்கிறது. பலகையில் எழுதினேன்: இரண்டும் கொஞ்சமும்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார்.

"கொஞ்சமா? எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்குது இந்தக் கொஞ்சம்?"

"மேல மூணு இருக்குதே சார். அது எங்க போவும்?"

"கோடிக்கு முன்னாடி மூணு ஒண்ணுமே இல்ல. விட்டுடணும். இரண்டுதான். y சமம் இரண்டுன்னு ஒரு கோடு போடு. அதுதான் தொலைத்தொடுகோடு. வளைவரை அதை நெருங்கி நெருங்கிப் போவும், தொடவே தொடாது."

எனக்குக் கோபம் வந்தது. ஒண்ணுமே இல்லாத மூன்றை எதற்குக் கணக்கில் எழுதினார்கள்? மிச்சம் ஒன்றுமில்லை என்றால் தொட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? தொடாத கோட்டுக்குத் தொடுகோடு என்று பேர் வேறு. இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததால் கேட்காமல் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கை போடாமல் அளவை முடிக்கச் சொல்கிறார் இந்த மனிதர் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

வாராவாரம் வீட்டுக்குப் போகும்போது நைனா கொஞ்சம் குறைந்திருப்பார். எது குறைந்தது என்று சட்டென்று சொல்ல வராது. ஒரு வாரம் மண்டி முதலாளியின் பேர் போயிருக்கும். இன்னொரு வாரம் தன் செருப்பைப் பார்த்து இது யாருடையது என்று கேட்பார். என்னை மட்டும் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் இடது கையைத் தூக்கி, "பாப்பா" என்பார். அம்மா கஞ்சி ஊட்டும்போது ஒவ்வொரு கரண்டியையும் எண்ணுவார். லாபம், ரெண்டு, மூணு. எண்ணினால்தான் வாயைத் திறப்பார். நான் பக்கத்தில் கிராஃப் தாளை விரித்து வைத்துக்கொண்டு, புள்ளி வைத்து அழித்து, புள்ளி வைத்து அழித்துத் தாளில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

"அந்தக் கோட்டையே இன்னாத்துக்குடி மாத்தி மாத்திப் போடற? ஒரு தடவ சரியா போட்டா ஆவாதா?" என்று அம்மா கேட்பாள்.

"போட வந்தா போட மாட்டேனா?" என்று அவளிடம் பாய்வேன். பிறகு மனசு கேட்காமல் அவளோடு போய்ப் பாத்திரம் கழுவுவேன். எனக்கு உதவ அந்த வீட்டில் யாராலும் முடியாது. என்னாலும் அவர்களுக்கு ஒன்றும் முடியவில்லை.

அடுத்த பரீட்சை டிசம்பரில், ஒரு சனிக்கிழமை காலை. புயல் மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. வியாழக்கிழமையே இறங்குகிறேன் என்று தலைமையாசிரியரிடம் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறார், நீங்கள் இல்லாவிட்டால் என் தலை உருளும் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் காத்திருந்தோம். அந்த மழையில் ஆய்வுக்கு எவர் மலையேறுவார்? யாரும் வரவில்லை. பாடக்கட்டை உரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் ஓட்டமும் நடையுமாக இறங்கினேன்.

ஆற்றங்கரைக்கு வந்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. முழங்கால் மட்டும் நனைய நான் கடக்கிற ஆறு அது. இந்தப் பக்கம் சாமை மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒருவர் வெற்றிலை போடுவதுகூட எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது. தண்ணீர் இரைச்சல் அவ்வளவு. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, உசுரு வேணாமா? ஆளையே இஸ்துகினு போயிடும்."

"நாளைக்குக் காலைல எனக்குப் பரீட்சைம்மா. நான் போயே ஆவணும்."

"தண்ணி போனாத்தான் நாம போவ முடியும். ஒக்காருங்க."

அவள் சொன்னதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. போய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் விட்டேனா? கரையோரமாக மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். தண்ணீரை நெருங்க நெருங்க இழுப்பு அதிகமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் என்னைப் போலவே தண்ணீர் வரைக்கும் வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தார். அவருக்கும் என்ன அவசரமோ. கடைசியில் நான் ஒரு பாறை ஒதுக்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகு செய்ய எதுவுமில்லை. சாக்கைப் பிரித்துப் பாடக்கட்டை எடுத்தேன். அதே படம். ஒன்றின் மேல் செங்குத்தாகப் புள்ளிக்கோடு, வலப்புறம் மேலே ஏறும் துண்டு, இடப்புறம் கீழே இறங்கும் துண்டு. தலையைத் தூக்கினால் ஆறு. இந்தக் கரை வரைக்கும் வரலாம், எவ்வளவு கிட்டத்தில் வேண்டுமானாலும் வரலாம். அந்தக் கரை வரைக்கும் அவர்களும் வரலாம். நடுவில் நிற்க இடமில்லை. நடுவில் என்ன என்று நான் இத்தனை மாதம் கேட்டது கேள்வியே இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வளைவரைக்கு அப்படி ஆசை ஏதும் கிடையாது. நான்தான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு குறுக்கே விழுந்திருக்கிறேன்.

பென்சிலை எடுத்து மேலேயுள்ளதைக் கீழேயுள்ளதால் நிதானமாக வகுத்தேன். இரண்டு தடவை போனது, மிச்சம் ஐந்து. அதாவது இரண்டு, அதோடு x − 1-ஆல் வகுத்த ஐந்து. x பதினொன்று என்று போட்டேன்: இரண்டரை. நூற்றொன்று: இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து. ஆயிரத்தொன்று: இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து. கொஞ்சம் எங்கேயும் போகவில்லை! எத்தனை கோடி போட்டாலும் அது இருக்கும். அதை யாரும் விட்டுவிடவில்லை, அது தானாகத் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்தாலும் இருப்பதால்தான் வளைவரை கோட்டைத் தொடுவதில்லை. வேலூரில் நான் பலகையில் எழுதியது முழுத் தப்பு இல்லை. கோட்டின் பேர் இரண்டு. அதற்கு மேல் தேய்ந்துகொண்டே இருப்பதுதான் என்னுடைய கொஞ்சம்.

புரிந்த சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மலைக்காரப் பெண் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். ஆறு அப்படியேதான் ஓடியது. என் சந்தோஷம் அங்கேயே வடிந்தது. எழுதத் தெரிகிறபோது எழுதப் போக முடியவில்லை.

அன்று மலைக்காரர்களோடு பக்கத்தில் ஒரு கொட்டகையில் தங்கி, மறுநாள் மத்தியானம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தோம். நான் பஸ் ஏறியபோது வேலூரில் விடைத்தாள்களைக் கட்டி முடித்திருப்பார்கள்.

வீட்டில் அம்மா, "எழுதிட்டியா?" என்றாள். "எழுதல" என்றேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். நைனாவுக்கு நான் கஞ்சி ஊட்டினேன். "லாபம்" என்றார், வாங்கிக்கொண்டார். அடுத்த கரண்டியைக் கொண்டு போனேன். "லாபம்" என்றார். அதற்கடுத்ததும் லாபம்தான். ரெண்டு என்று நான் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "லாபம்" என்றார். டாக்டர் குறையும் என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரிலேயே அழுதேன். "பாப்பா" என்று இடது கையால் என் தலையைத் தடவினார். அந்த வார்த்தை இன்னும் இருந்தது.

மே மாதம் மூன்றாவது தடவையாகப் போய் எழுதினேன். எண்கள் வேறு, கணக்கு அதே கணக்குதான். புள்ளிக்கோடுகளை முதலில் போட்டேன். துண்டுகளை அதனதன் பக்கத்திலேயே விட்டேன். தேறினேன். முடிவு வர ஆகஸ்ட் ஆனது. அரசாங்க வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வர இன்னும் சில மாதம் ஆனது. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார், பிறகு கோப்பு எங்கோ இருந்தது. மலை மேலே நான் நாட்களை எண்ணிக்கொண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். நடுவில் இரண்டு வாரம் மழையால் இறங்கவும் முடியவில்லை.

பொங்கலுக்குச் சற்று முன்னால் ஒரேயடியாக இறங்கினேன். டிரங்குப் பெட்டியையும் ஸ்டவ்வையும் மலைக்காரர் இருவர் சுமந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நைனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நைனா, வந்துட்டேன். இனிமே இங்கதான். மலைக்கே போவ மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். வேட்டியை இடது கையால் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்க," என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் என்னை வாங்க என்று சொன்னதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதுப் பள்ளிக்கூடம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து நைனாவுக்குச் சோறு ஊட்டுவேன். அம்மா என்னை யார் என்று அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நான் டீச்சர் என்பது மட்டும் அவர் மனசில் நின்றது. என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் ஊட்டியதும், "ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். முதலில் நானும் சண்டை போட்டேன். "நான்தான் நைனா ஒம் பொண்ணு. நல்லா பாரு," என்று அவர் முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். அவர் பயந்து போய் அம்மாவைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அன்று வெள்ளிக்கிழமை என்று எப்படித் தெரியுமோ, அது எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. கதவை நன்றாகத் திறந்து வைக்கச் சொல்வார். தெருவையே பார்ப்பார். நான் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

"எம் பொண்ணு வர்ற நாளு," என்றார் ஒரு தடவை. "மலைல வேலை பாக்குது. ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு."

"அப்படிங்களா?" என்றேன்.

"இன்னும் காணமே."

"வந்துடுவாங்க."

வெளிச்சம் போகிற வரைக்கும் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவருக்குக் கண் சொருகியது. தலையணையைச் சரிசெய்து படுக்க வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்கிட்டாலும், எம் பொண்ணு வந்ததும் எழுப்பிடுங்க டீச்சரம்மா."

எழுப்புகிறேன் என்றேன்.